வெள்ளைக் குச்சியைக் காணோம்: கோல்ஃப்ல ஓபி சண்டை ஏன் தீர மாட்டேங்குது

சென்னைக்குள்ள இருக்கிற ஒரு கோர்ஸ்ல ஞாயித்துக்கிழமை காலையில மன்த்லி மெடல், கிளப்புல மாசா மாசம் நடக்கிற போட்டி. எந்த ஹோல்னு சொன்னா எந்த கிளப்னு கண்டுபிடிச்சிடுவீங்க, அதனால அது வேணாம். பார் 4, அதாவது நாலு அடியில முடிக்க வேண்டிய ஹோல், வலது பக்கம் முழுக்க ஓபி (அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், வெள்ளைக் குச்சி நட்டு கோர்ஸுக்கு வெளியன்னு குறிச்ச இடம்), நமக்கு பொறந்ததுலேர்ந்தே ஸ்லைஸ். பந்து வலது பக்கமா வளைஞ்சு போயி ஒரு வேப்ப மரத்துல டொக்குனு தட்டி எங்கயோ விழுந்துச்சு, பையை தூக்கிட்டு கூட வர்ற கேடி அண்ணன் "உள்ளதான் சார் இருக்கும்"னாரு, ஆனா அவர் அடுத்த பந்தை எடுத்து கையில குடுத்துகிட்டே சொன்னாரு, அதுலயே விஷயம் புரிஞ்சிடுச்சு. மொத பந்து போயிருந்தா இதை வெச்சு ஆடுறதுக்கு ஒரு மாத்துப் பந்து, புரவிஷனல்னு வாய்விட்டு சொல்லிட்டு இன்னொண்ணு அடிச்சுட்டு நடந்தோம்.

போய் பார்த்தா பந்து கிடைச்சிடுச்சு, புல்லு மேல அழகா உக்காந்திருக்கு. ஆனா அந்த இடத்துல இருக்கவேண்டிய வெள்ளைக் குச்சியை காணோம். பின்னாடி ஒரு குச்சி இருக்கு, முன்னாடி ரொம்ப தூரத்துல ஒரு குச்சி இருக்கு, நடுவுல எதுவும் இல்ல. காம்பவுண்டு சுவரு அங்க வெளிப்பக்கமா வளையுது, குச்சிங்களும் அதே மாதிரி வளைஞ்சுதான் போகும்னு ரெகுலரா ஆடுற எல்லாருக்கும் தெரியும். என் ஸ்கோர் கார்டு எழுதுறவரு ரிடையர்டு பேங்க் ஆளு, நேரா ஒரு கண்ணை மூடிகிட்டு ஒரு குச்சிலேர்ந்து இன்னொரு குச்சியை பார்த்துட்டு "தம்பி, நாலு ஸ்டெப் வெளிய இருக்கு"ன்னாரு. நான் "சார், இங்க ஒரு குச்சி இருந்துச்சு, போன மாசம் நானே பார்த்தேன், அதை வெச்சு பார்த்தா உள்ள"ன்னேன். "இருந்துச்சுன்னா இப்ப எங்க?" இதுக்கு என்ன பதில் சொல்றது.

ஆபீஸ்ல ஓபி அடிச்சா சம்பளம் வந்துடும், கோர்ஸ்ல ஓபி அடிச்சா ரெண்டு ஸ்ட்ரோக் போயிடும்னு எங்க செட்டுல ஒரு பழைய ஜோக் உண்டு. ஸ்ட்ரோக்குன்னா ஒரு அடி, குறைவா அடிச்சவன்தான் ஜெயிப்பான். அந்த ரெண்டு ஸ்ட்ரோக் கணக்கை மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா சண்டைக்கு வேரே அதுதான். தண்ணியில அடிச்சா ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி, பந்து உள்ள போன இடத்தை வெச்சு ஒரு டிராப் எடுத்துட்டு, அதாவது பந்தை கையால கீழ போட்டுட்டு, போயிகிட்டே இருக்கலாம். ஓபிக்கு அப்படி இல்ல. ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி, கூடவே அடிச்ச இடத்துக்கே திரும்பி போகணும். டீயிலேர்ந்து (ஹோலோட மொத அடி அடிக்கிற இடம்) அடிச்சது 1, பெனால்டி 1, திரும்ப அதே டீயில நிக்கும்போது அது உங்களோட 3வது அடி. நீங்க அடிச்ச 200 கஜமும் போச்சு, மேல ஒரு ஸ்ட்ரோக்கும் போச்சு. விதி புத்தகத்துல ரூல் 18.2 இதான். பந்து காணாம போனாலும் இதே தண்டனைதான், அதனால பந்து கிடைக்கலைன்னா யாரும் சண்டை போட மாட்டாங்க, வெளிய போச்சா புதர்ல போச்சான்னு யாருக்கும் கவலை இல்ல, தேடுறதுக்கு 3 நிமிஷம், அது முடிஞ்சா முடிஞ்சுது. பந்து கிடைச்சு, கோட்டுக்கு பக்கத்துல கிடைச்சு, கோடு எதுன்னு தெரியலைன்னாதான் தகராறு. அந்த ஒரு சின்ன இடத்துக்குள்ளதான் எல்லா சண்டையும் நடக்குது.

சரி, கோடுன்னா என்ன? நிறைய பேரு குச்சிதான் எல்லைன்னு நினைக்கிறாங்க, சில பேரு சுவருதான் எல்லைன்னு நினைக்கிறாங்க. ரூல்ஸ் என்ன சொல்லுதுன்னா, போட்டியை நடத்துற கமிட்டி எதை எல்லைன்னு வெச்சுதோ அதுதான் எல்லை. வெள்ளைக் குச்சி வெச்சா, குச்சியோட கோர்ஸ் பக்கத்து ஓரம், அதுவும் தரையை தொடுற இடத்துல, அங்கேர்ந்து அடுத்த குச்சியோட அதே ஓரத்துக்கு ஒரு நூல் கட்டினா என்ன வருமோ அதுதான் கோடு. குச்சி ஓபியிலதான் நிக்குது. சாய்ஞ்சு நின்னாலும் மேல்முனையை பார்க்கக்கூடாது, அடியைத்தான் பார்க்கணும். கம்பி வேலின்னா அதோட தூணுங்க தரையில இருக்கிற உள்பக்க ஓரம், நடுவுல கம்பி பெருத்து கோர்ஸ் பக்கமா தொங்கினாலும் அதுக்கு மதிப்பு கிடையாது. தரையில வெள்ளை பெயிண்ட் அடிச்சிருந்தா பெயிண்டோட உள்பக்க விளிம்பு எல்லை, பெயிண்டு முழுக்க ஓபி. சுவருன்னா, உள்பக்க முகமா, நடுவா, வெளிப்பக்கமான்னு கமிட்டிதான் அந்த கோர்ஸுக்குன்னு தனியா போடுற லோக்கல் ரூல்ல எழுதணும், எழுதலைன்னா அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டு டேபிள்ல பேசிக்க வேண்டியதுதான்.

அப்புறம் பந்து முழுசா வெளிய இருந்தாத்தான் ஓபி. துளி உள்ள தொட்டுகிட்டிருந்தாலும், கோட்டுக்கு மேல எட்டிப் பார்த்துகிட்டிருந்தாலும் உள்ளதான். ஒரு கோல்ஃப் பந்தோட விட்டம் குறைஞ்சபட்சம் 42.67 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு ஸ்ட்ரோக்கும் 200 கஜமும் அந்த நாலு சென்டிமீட்டர் சொச்சத்துல தொங்குது. அந்த எல்லை மேலயும் போகுது கீழயும் போகுது, நேர் செங்குத்தா. மரம் உள்ள நிக்குது, கிளை வெளிய நீட்டிகிட்டிருக்கு, பந்து அந்த வெளிப்பக்க கிளையில மாட்டிகிச்சுன்னா மரம் நம்ம மரம்னு வாதாட முடியாது, பந்து ஓபி. ஆனா பந்து உள்ள இருந்து நீங்க வெளிய நின்னு அடிக்கணும்னா அது தாராளமா ஓகே. இது தெரியாம "சார் உங்க கால் வெளிய இருக்கு"ன்னு பெனால்டி போட வந்தவரை நான் பார்த்திருக்கேன், அவருக்கு ஹேண்டிகேப் வேற 9, அதாவது நல்லா ஆடுறவருதான்.

நம்ம ஊர்ல இதை புரிய வைக்க சுலபமான வழி நிலத் தகராறுதான். ஊர்ல தாத்தா நிலம் வெச்சிருந்த யாரைக் கேட்டாலும் தெரியும், பக்கத்து நிலத்துக்காரன் போட்ட வேலி எல்லை இல்ல, வரப்பும் எல்லை இல்ல, வரப்பு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா நகரும். சர்வே கல்லுதான் எல்லை, அந்தக் கல்லு எங்க இருக்கணும்னு எஃப்எம்பிங்கற சர்வே படத்துல அளவோட இருக்கும், 1923லேயே இதுக்குன்னு சர்வே எல்லைச் சட்டம் போட்டு வெச்சிருக்காங்க. கல்லை எவனோ பிடுங்கிட்டான்னா எல்லை அழிஞ்சு போச்சுன்னு அர்த்தமில்ல. சர்வேயர் வந்து மத்த கல்லுங்களை வெச்சு, படத்துல இருக்கிற அளவை வெச்சு, இங்கதான் இருந்துச்சுன்னு காமிச்சு திரும்ப நடுவாரு. ஆனா படம் இருந்தாத்தான் அது நடக்கும். கோல்ஃப் கோர்ஸ்ல முக்காவாசி எடத்துல குச்சி இருக்கும், அந்தக் குச்சி எங்க இருக்கணும்னு காட்டுற படம் இருக்காது. ஹெட் மாலிக்கு (தோட்டக்காரருக்கு) தெரியும், அவரு லீவுல போயிட்டா தெய்வத்துக்குத்தான் தெரியும்.

குச்சி ஏன் காணாம போகுதுன்னு கேட்டா பதில் ரொம்ப சாதாரணம். புல்லு வெட்டுற மெஷின் வரும்போது குச்சியை பிடுங்கி ஓரமா வெக்கிறாங்க, வெட்டி முடிச்சதும் திரும்ப நடுறாங்க, அதே குழியில நட்டா பரவாயில்ல, அவசரத்துல மண்ணு இளகியிருக்கிற எடத்துல நட்டுட்டு போயிடறாங்க. அரை அடி இப்படி அரை அடி அப்படி. வருஷம் முழுக்க இது நடந்தா கோடே ஊர்ந்து போயிடும், வரப்பு மாதிரியேதான். ஐப்பசி கார்த்திகை மழைக்கு பெயிண்ட் கோடெல்லாம் நிக்கவே நிக்காது. 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல சென்னையில எவ்வளவு மரம் சாஞ்சுதுன்னு நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், வேலி மேல மரம் விழுந்தா வேலியும் சாயும், தூணும் சாயும், அவசரத்துக்கு நேரா நிமித்தி கட்டின தூணு பழைய தூணு இருந்த அதே இடத்துலயா நிக்குதுன்னு யாரு போய் அளந்து பார்த்தாங்க. இதுல யாரும் வேணும்னு தப்பு பண்ணலை, மாலி மேல கோபப்படவும் முடியாது, அவருக்கு அது புல்லுக்கு நடுவுல நிக்கிற ஒரு இடைஞ்சல் குச்சி, நமக்குத்தான் அது ரெண்டு ஸ்ட்ரோக்.

சென்னை கோர்ஸுங்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கு, இடம். நந்தனத்துல அண்ணா சாலை பக்கத்துல காஸ்மோ (காஸ்மோபாலிட்டன் கிளப்) கோர்ஸ், கிண்டியில ரேஸ் டிராக்குக்கு நடுவுல ஜிம்கானா கோர்ஸ், ரெண்டுமே ஊரு சுத்தி வளர்றதுக்கு முன்னாடியே வந்து உக்காந்தது. இப்ப சுத்தி ரோடு, மெட்ரோ, அபார்ட்மெண்ட். ஊருக்கு வெளிய வயக்காட்டுல போட்ட கோர்ஸ்னா ஹோலுக்கும் வேலிக்கும் நடுவுல ஒரு பர்லாங் விட்டு போட்டிருப்பாங்க, பந்து அங்க போய் சேரவே சேராது, இங்க அப்படி விட முடியாது. சிட்டி கோர்ஸ்ல ஓபிங்கறது எப்பவாவது வர்ற விபத்து இல்ல, ரவுண்டுக்கு ரவுண்டு வர்ற விருந்தாளி. கிண்டியில கதை இன்னும் ஒரு படி மேல, 2024 செப்டம்பர்ல அரசு ரேஸ் கிளப்போட குத்தகையை ரத்து பண்ணி இடத்தை எடுத்துகிச்சு, விஷயம் ஹைகோர்ட்டுக்கு போச்சு. வெள்ளைக் குச்சி எங்க நடணும்ங்கறதெல்லாம் அப்புறம், நிலமே யாரோடதுங்கற கேள்வி மொதல்ல.

இங்க நிறைய பேருக்கு தெரியாத ஒரு விஷயம் சொல்றேன். எல்லைன்னு கமிட்டி சொல்லாத வரைக்கும் அது கோர்ஸ்தான். கிளப் ஹவுஸ், கிச்சன், கார் பார்க்கிங், எதுவா இருந்தாலும். 2006ல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் கோர்ஸ்ல டைகர் உட்ஸ் 9வது ஹோல்ல ஒரு ஷாட் அடிச்சாரு, பந்து பறந்து போயி கிளப் ஹவுஸ் கூரை மேல பட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு, சாமான் இறக்குற எடத்துல விழுந்துச்சு, பந்தையும் அங்க இருந்தவங்க எடுத்துட்டாங்க. பார்த்தவங்க எல்லாரும் ஓபின்னுதான் நினைச்சாங்க. ஆனா அங்க கிளப் ஹவுஸை ஓபின்னு குறிக்கவே இல்ல. கட்டடம் இடைஞ்சல்னு ஃப்ரீ டிராப் குடுத்துட்டாங்க, பாருக்கு மேல ஒரே ஒரு ஸ்ட்ரோக் மட்டும் கூட போயி, அதாவது போகியோட தப்பிச்சாரு, கடைசியில அந்த டோர்னமெண்டை பிளே ஆஃப்ல (சமமா முடிச்சவங்க திரும்ப ஆடுறது) ஜெயிச்சாரு. அதுக்கு முன்னாடி 1979 ஓப்பன் சாம்பியன்ஷிப்ல, இங்கிலாந்துல ராயல் லித்தம்ல, செவி பாலஸ்டெரோஸ் 16வது ஹோல்ல டிரைவை டெம்பரரி கார் பார்க்கிங்குக்குள்ள அடிச்சாரு, அதுவும் ஓபி இல்ல, கார் பக்கத்துலேர்ந்து டிராப் வாங்கி பேர்டி (பாரை விட ஒரு அடி குறைவு) போட்டாரு, கப்பும் ஜெயிச்சாரு. நம்ம கிளப்ல ஒருத்தன் பார்க்கிங்ல அடிச்சிருந்தா மொதல்ல யாரு காருன்னுதான் கேட்டிருப்பாங்க.

உட்ஸ் கேஸ்ல விதியோட தர்க்கம் சரியா வேலை செஞ்சுது, ஆனா பார்க்கிறவனுக்கு அநியாயமா இருந்துச்சு. இதுக்கு நேர் எதிரா ஒரு கேஸ் 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப், விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ். அது ஓபி இல்ல, பங்க்கர், அதாவது மணல் குழி, ஆனா பிரச்சனை அதே எல்லைப் பிரச்சனைதான். அந்த கோர்ஸ்ல மண்ணுக்குழி நூத்துக்கணக்குல சிதறி கிடக்கும், எது பங்க்கர் எது ஜனங்க மிதிச்சு உண்டான மண்ணுன்னு கண்ணால சொல்லவே முடியாது. கமிட்டி லோக்கல் ரூல்ல எல்லா மண்ணும் பங்க்கர்தான்னு தெளிவா எழுதி வீரர்களுக்கு குடுத்துடுச்சு. டஸ்டின் ஜான்சன் கடைசி ஹோல்ல, ஜனங்க நின்னு மிதிச்ச ஒரு மண்ணுல, பங்க்கர்ல பண்ணக்கூடாத மாதிரி கிளப்பை (மட்டையை) தரையில வெச்சுட்டாரு. ரெண்டு ஸ்ட்ரோக் பெனால்டி, பிளே ஆஃப் வாய்ப்பே போச்சு, மார்ட்டின் கைமர் ஜெயிச்சாரு. கமிட்டி பண்ணது சட்டப்படி சரி. ஆனா பேப்பர்ல ஒண்ணு இருந்து தரையில பார்த்தா வேற மாதிரி தெரிஞ்சா அது பாதி வேலைதான்னு எனக்கு தோணும். ஜான்சன் நோட்டீஸ் படிக்கலை, அது அவரோட தப்பு, நான் இல்லைங்கலை. நம்மள்ல எத்தனை பேரு டீ பாக்ஸ் பக்கத்துல ஒட்டியிருக்கிற லோக்கல் ரூல்ஸை படிச்சிருக்கோம்?

கோர்ஸுக்கு உள்ளேயே ஓபி வைக்கிறதும் உண்டு. ரெண்டு ஹோலுக்கு நடுவுல குச்சி நட்டு, இந்த ஹோல் ஆடும்போது மட்டும் அந்தப் பக்கம் ஓபின்னு சொல்லிடுவாங்க. லிவர்பூல் பக்கம் ஹாய்லேக்ல பிராக்டிஸ் மைதானத்துக்கும் ஹோலுக்கும் நடுவுல ஒரு சின்ன மண் வரப்பு, அதுதான் எல்லை, நம்ம வயல் வரப்பு உயரம்தான், அதைத் தாண்டினா உலக சாம்பியனும் திரும்பி நடக்கணும். இது சில பேருக்கு பிடிக்காது, புல்லு அதே புல்லு, கோர்ஸ் அதே கோர்ஸ், எப்படி வெளியன்னு கேப்பாங்க. வெக்கலைன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு 1979 யுஎஸ் ஓப்பன் உதாரணம். இன்வெர்னஸ் கோர்ஸ்ல லான் ஹிங்கிள்னு ஒருத்தர் 8வது ஹோலை அது வழியா ஆடாம பக்கத்துல இருந்த 17வது ஹோல் ஃபேர்வேக்கு (புல்லு வெட்டி வெச்ச நடுப்பாதைக்கு) அடிச்சு குறுக்கு வழியில போயிட்டாரு. ஓபி இல்லாததால தடுக்க வழியில்ல. மறுநாள் காலையில வந்து பார்த்தா டீ பக்கத்துல புதுசா ஒரு மரம் நிக்குது, நடத்தினவங்க ராத்திரியோட ராத்திரியா நட்டுட்டாங்க. மேட்ச் நடந்துகிட்டிருக்கும்போது குச்சி நட்டு ஓபின்னு சொல்றது மொத நாள் ஆடினவங்களுக்கு அநியாயம், மரத்தை யாரும் கேக்க முடியாதுன்னு நினைச்சிருப்பாங்க போல. நம்ம தெரு கிரிக்கெட்ல நடு மேட்ச்ல "இனிமே அந்த வீட்டு காம்பவுண்டுக்குள்ள போனா அவுட்"னு ரூல் மாத்துறவனை என்ன பண்ணுவோம், அதே கதை. தெரு கிரிக்கெட்ல ஒரு நல்ல பழக்கம் உண்டு, டாஸ் போடுறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பேசிடுவோம், மாடி மேல அடிச்சா அவுட், கார் அடியில போனா டூ, ஆயா வீட்டு கேட்டு தாண்டினா நீயே போய் கேட்டு வாங்கிட்டு வா. ஒரு வரி கூட எழுதாம எட்டு பசங்க தெளிவா வெச்சிருந்ததை, ஆபீஸும் நோட்டீஸ் போர்டும் இருக்கிற கிளப்புங்க கோட்டை விடுது.

ரோடு விஷயத்துல ஒண்ணு சொல்லணும். பந்து வெளிய போயி, ரோட்டுல போற ஆட்டோ மேல பட்டு, திரும்ப உள்ள வந்து விழுந்தா? உள்ளதான். நடுவுல எங்க போச்சுங்கறது முக்கியமில்ல, எங்க நின்னுதுங்கறதுதான் கணக்கு. ஆனா கோர்ஸுக்கு நடுவுல ரோடு போற எடத்துல, ரோட்டை தாண்டி அந்தப் பக்கம் போனாலே ஓபின்னு கமிட்டி தனியா லோக்கல் ரூல் போடலாம், போக்குவரத்துக்கு மேல அடிக்க வேணாம்னு. செயின்ட் ஆண்ட்ரூஸ்ல 17வது ஹோல் க்ரீனுக்கு (குழி இருக்கிற புல்தரைக்கு) பின்னாடி ஒரு ரோடு இருக்கு, ரோடு ஹோல்னே பேரு, அந்த ரோடு ஓபி இல்ல, பந்து தார் மேல கிடந்தா தார் மேலேயே அடிக்கணும், அதுக்கு அப்பால இருக்கிற சுவருதான் எல்லை. ரோடுன்னாலே வெளியன்னு நினைக்கிறவங்க அங்க போனா திணறிடுவாங்க.

இப்ப அந்த வெள்ளைக் குச்சியை பிடுங்குறது பத்தி, ஏன்னா வாரா வாரம் இதை பார்க்கிறேன். தண்ணி மாதிரி எடத்தை காட்டுற சிவப்பு குச்சி, மஞ்ச குச்சி ஸ்விங்குக்கு இடைஞ்சலா இருந்தா பிடுங்கிட்டு அடிக்கலாம். வெள்ளைக் குச்சியை தொடவே கூடாது. அது எல்லைப் பொருள், மண்ணுல லேசா நட்டிருந்தாலும் சிமெண்ட் போட்டு நட்ட மாதிரிதான் ரூல்ஸ் பார்க்கும், ஃப்ரீ டிராப்பும் கிடையாது. பிடுங்கிட்டு அடிச்சா ரெண்டு ஸ்ட்ரோக். தெரியாம பிடுங்கிட்டீங்கன்னா பதறாதீங்க, அடிக்கிறதுக்கு முன்னாடி அதே குழியில அதே மாதிரி திரும்ப நட்டுட்டா பெனால்டி இல்ல, 2019ல விதியை மாத்தினப்ப வந்த சலுகை அது. வேலிக்கு முட்டு கொடுத்திருக்கிற சாய்வு கம்பி, வேலி ஏறி இறங்கறதுக்கு வெச்ச படி, இதெல்லாம் எல்லைப் பொருள் இல்ல, அது கோர்ஸுக்குள்ள உங்களுக்கு இடைஞ்சல் பண்ணினா டிராப் வாங்கலாம். இந்த வித்தியாசம் தெரிஞ்சவன் சீசனுக்கு ஒரு ஸ்ட்ரோக்காவது மிச்சம் பண்ணுவான்.

ஓபின்னு தெரியாம வெளிய கிடந்த பந்தை அடிச்சிட்டா அது இன்னும் மோசம். வெளிய போன பந்து உங்க பந்தாவே இருந்தாலும் அது ஆட்டத்துல இல்லாத பந்து, அதை அடிக்கிறது அடுத்தவன் பந்தை அடிச்ச மாதிரி. மேட்ச் ப்ளேன்னா (ஹோலுக்கு ஹோல் யாரு ஜெயிச்சான்னு பார்க்கிற ஆட்டம்) அந்த ஹோல் போச்சு. ஸ்ட்ரோக் ப்ளேல (மொத்த அடியை எண்ணுற ஆட்டம்) ரெண்டு ஸ்ட்ரோக் பெனால்டி, கூட அடுத்த டீயில அடிக்கிறதுக்கு முன்னாடி திரும்பி போயி சரி பண்ணணும், பண்ணலைன்னா டிஸ்குவாலிஃபை. கோடு தெரியாத எடத்துல இது எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சு பாருங்க, நல்லெண்ணத்துல உள்ளதான்னு நினைச்சு அடிச்சவன் மொத்த ரவுண்டையும் தொலைக்கலாம்.

அதுக்குத்தான் ஸ்ட்ரோக் ப்ளேல ரெண்டு பந்து ஆடுற வழி வெச்சிருக்காங்க. நானும் அந்த ஞாயித்துக்கிழமை அதைத்தான் பண்ணேன். சந்தேகம் வந்ததும், அடுத்த அடி அடிக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு பந்தும் ஆடப் போறேன், ரூல்ஸ் ஒத்துகிட்டா மொத பந்துதான் எனக்கு கணக்குன்னு கார்டு எழுதுற மார்க்கர்கிட்ட சொல்லிடணும். ஏற்கெனவே அடிச்ச புரவிஷனலையே ரெண்டாவது பந்தா வெச்சுக்கலாம், திரும்ப டீக்கு ஓட வேணாம். ரெண்டு ஸ்கோரையும் எழுதிகிட்டு, கார்டு குடுக்கிறதுக்கு முன்னாடி கமிட்டிகிட்ட நடந்ததை சொல்லணும், ரெண்டு பந்துலயும் ஒரே ஸ்கோர் வந்திருந்தாலும் சொல்லணும், சொல்லலைன்னா டிஸ்குவாலிஃபை. மேட்ச் ப்ளேல இது கிடையாது, அங்க எதிராளியோட பேசி ஒத்துக்கணும், இல்ல பின்னாடி ரூலிங் கேக்குறேன்னு அப்பவே சொல்லி வெக்கணும். பாதி பேரு இந்த வழி இருக்கிறதே தெரியாம நடு ஃபேர்வேயில கத்திகிட்டிருப்பாங்க, பின்னாடி மூணு குரூப் காத்துகிட்டு நிக்கும்.

வீரரோட நியாயமான கணிப்பை ஏத்துக்கணும்னும் ஒரு விதி இருக்கு, அதையும் சொல்லிடறேன். நேரம் எடுத்து, முடிஞ்ச அளவு சரியா பார்த்து, பந்து உள்ள இருக்கா வெளியவான்னு ஒரு முடிவுக்கு வந்துட்டீங்கன்னா, பின்னாடி எவனோ வீடியோ காமிச்சு ரெண்டு விரக்கடை தப்புன்னு சொன்னாலும் அது செல்லும். ஆனா கோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சு பந்து அதுக்கு எந்தப் பக்கம்னு கணிக்கிறதுக்குத்தான் அது. கோடே இல்லாத எடத்துல உங்க ஆசைதான் கணிப்பா வந்து நிக்கும், எனக்கு வந்த மாதிரி.

வீக்கெண்டு ஆளுங்களுக்கு இந்த தண்டனை ரொம்ப கடுமைன்னு விதி எழுதுறவங்களுக்கே தெரியும். 2019ல மாடல் லோக்கல் ரூல்னு ஒண்ணு குடுத்தாங்க, கிளப் விரும்பினா போட்டுக்கலாம், பந்து ஓபி போனா டீக்கு திரும்பி போகாம, பந்து வெளிய போன இடத்துக்கு நேரா ஃபேர்வே ஓரத்துக்கு வந்து ரெண்டு ஸ்ட்ரோக் பெனால்டியோட டிராப் பண்ணிட்டு போயிடலாம். அங்கேர்ந்து அடிக்கிறது 4வது அடி. திரும்பி போயி ஒரு நல்ல டிரைவ் அடிச்சிருந்தா எங்க இருந்திருப்பீங்களோ கிட்டத்தட்ட அதே கணக்குதான், நேரம் மட்டும் மிச்சம். ப்ரோ டோர்னமெண்டுக்கு இதை போட வேணாம்னு அவங்களே சொல்றாங்க. 2019 ஓப்பன்ல ராயல் போர்ட்ரஷ்ல ரோரி மெக்கில்ராய் சொந்த நாட்டு கூட்டத்துக்கு முன்னாடி மொத டீ ஷாட்டையே இடது பக்கம் ஓபி அடிச்சு அந்த ஹோல்ல 8 போட்டாரு, ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல கட் மிஸ் ஆகி அடுத்த ரவுண்டுங்களுக்கு போக முடியலை. அவருக்கு இந்த சலுகையெல்லாம் கிடையாது. 1995ல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இயன் பேக்கர் ஃபின்ச், 1991 சாம்பியன், மொத ஹோலும் 18வது ஹோலும் சேர்ந்து மைதானம் மாதிரி விரிஞ்சு கிடக்கிற அந்த ஃபேர்வேயை விட்டு இடது பக்கம் வெளிய அடிச்சாரு. இவங்க ரெண்டு பேரும் ரூல்ஸ் மேல புகார் சொல்லலை, சொல்லவும் முடியாது, கோடு எங்கன்னு எல்லாருக்கும் பளிச்சுனு தெரிஞ்சுது. வயித்தெரிச்சல் இருக்கலாம், தகராறு இல்ல.

கமிட்டி செய்ய வேண்டியது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஒரு குச்சிகிட்ட நின்னா அடுத்த குச்சி தெரியணும், புதருக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கக்கூடாது. வளைவு இருக்கிற எடத்துல குச்சி நெருக்கமா இருக்கணும், ஏன்னா நேர்கோட்டுல ஒரு குச்சி போனா நஷ்டம் இல்ல, மிச்ச ரெண்டை வெச்சு பார்த்துக்கலாம், வளைவுல ஒண்ணு போனா கோடே வேற எடத்துக்கு போயிடும். ஒவ்வொரு குச்சிக்கும் தரையில ஒரு பிவிசி பைப் துண்டு புதைச்சு வெச்சா மாலி பிடுங்கினாலும் அதே ஓட்டையில திரும்ப நடுவாரு, நூறு ரூபா செலவு கூட ஆகாது. அப்புறம் ஒரு படம், எங்க சர்வேயர் தாத்தாங்க போட்ட மாதிரி, சுவத்துலேர்ந்து எத்தனை அடின்னு. இப்ப போன்லயே ஜிபிஎஸ் இருக்கேன்னு சொல்லுவாங்க, அது அஞ்சு மீட்டர் அப்படி இப்படி காட்டும், நம்ம சண்டை அஞ்சு சென்டிமீட்டருக்கு, அதனால டேப்பு எடுத்து அளக்கிறதுதான் உருப்படியான வேலை.

என் கதை என்ன ஆச்சுன்னா, மொத பந்துல 5, புரவிஷனல்ல 7. கார்டு குடுக்கும்போது சொன்னேன், கமிட்டிலேர்ந்து ஒரு பெரியவர் சணல் கயிறு ஒரு உருண்டை எடுத்துகிட்டு வெயில்ல கூட நடந்து வந்தாரு, அதுக்கு அவருக்கு ஒரு கும்பிடு. பந்து அடிச்ச எடத்துல நான் பேத்த புல்லு அடையாளம் அப்படியே இருந்துச்சு. குச்சி எங்க இருந்துச்சுன்னுதான் தெரியலை. கேடி அண்ணன் செருப்பை கழட்டிட்டு கால் கட்டைவிரலால புல்லை துழாவிகிட்டே போனாரு, ஒரு எடத்துல நின்னு "சார் இங்க ஒரு ஓட்டை இருக்கு"ன்னாரு. பழைய குழிதான், உள்ள வெள்ளை பெயிண்ட் சிரா கூட ஒட்டியிருந்துச்சு. பெரியவர் கயித்தை பின்னாடி குச்சிலேர்ந்து அந்த குழிக்கு இழுத்து பிடிச்சாரு. நான் அடிச்ச அடையாளம் கயித்துக்கு வெளிப்பக்கம், கிட்டத்தட்ட ஒரு சாண். பேங்க் சார் சொன்ன நாலு ஸ்டெப்பும் இல்ல, நான் சொன்ன உள்ளயும் இல்ல.

7 எழுதி கையெழுத்து போட்டேன். குச்சி பம்ப் ரூம் பின்னாடி தக்காளிச் செடிக்கு முட்டு கொடுத்துகிட்டு இருந்துச்சுன்னு சாயங்காலம் தகவல் வந்துச்சு, செடியில காய் வந்திருக்கு, அறுவடை முடியட்டும் சார்னு மாலி கேட்டுகிட்டாராம்.